காது வாரியம்



பொங்கல் முடிந்த நான்காம் நாள் காலை, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அக்காவின் போன். வழக்கமாக ஏரித் தண்ணீர், அறுப்பு, மாடு கன்று போட்டது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, பொன்னி ராத்திரி பூரா தூங்கலடா. தலையை ஆட்டிக்கினே இருக்குது. காதைத் தொட்டா வீல்னு கத்துது" என்றாள்.

பொன்னி, அக்கா வீட்டு நாய். காக்கர் ஸ்பேனியல் இனத்துப் பெண். அக்காவின் சின்ன மகன் பெங்களூரில் வேலையிலிருந்தபோது ஆசையாக வாங்கி வளர்த்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். முற்றிய நெற்கதிரின் நிறத்தில் இருந்ததால் பொன்னி என்று பேர் வைத்தது அக்காதான். இரண்டு வருடமாக அந்த வீட்டின் திண்ணையும் களமும் அதற்குச் சொந்தம்.

மறுநாளே ஊருக்குப் போனேன். என்னைக் கண்டால் உடம்பு முழுவதையும் ஆட்டிக்கொண்டு ஓடிவரும் பொன்னி, அன்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி தூணோரம் படுத்திருந்தது. வால் மட்டும் இரண்டு தட்டு தட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தோடு ஒட்டித் தொங்கிய காதுமடலை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். நாலு நாள் வெளியில் இருந்த இட்லி மாவின் புளித்த வாடை. உள்ளே செக்கச் சிவந்து வீங்கியிருந்தது. மடிப்புகளில் காபித்தூளைக் குழைத்துப் பூசியது போலப் பழுப்பு அழுக்கு. அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு.

"தேங்காயெண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு உட்டேன்டா. நம்ம புள்ளைங்களுக்கு அப்படித்தானே உடுவோம்" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது.

கால்நடை மருந்தகத்தில் இருந்த டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் நோக்கி, நீண்ட இடுக்கியால் எதையோ பிடித்து வெளியே எடுத்தார். அரை அங்குலம்கூட இல்லாத ஒரு புல்லின் முள். அறுப்புக்குப் பின் வரப்புகளில் காய்ந்து நிற்குமே, வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருமே, அந்த ஊசிப்புல்தான். உள்ளே போன முள் உறுத்த, உறுத்திய இடம் புண்ணாக, ஈரமும் எண்ணெயும் சேர்ந்து அங்கே பூஞ்சை வளர்ந்திருக்கிறது. "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா செவிப்பறை வரைக்கும் போயிருக்கும்மா. செவிப்பறை கிழிஞ்சிருந்தா, நல்ல மருந்தே கூடக் கெடுதல் பண்ணும். அதனாலதான் பாக்காம எதையும் ஊத்தாதீங்கன்னு சொல்றோம்" என்றார். பிறகு பொன்னியைத் தராசில் ஏற்றினார். 17 கிலோ. இருக்கவேண்டியது 13, 14.

அன்று சாயங்காலம் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா, மாமா, பெரிய மகன், மருமகள், ஒன்பதாவது படிக்கும் பேத்தி, இரண்டாவது படிக்கும் பேரன். ஆறு பேர். பொன்னி மேல் உயிரை வைத்திருப்பவர்கள். "கடைசியாக யார் இதன் காதைத் தூக்கிப் பார்த்தது?" என்று கேட்டேன். அக்கா மருமகளைப் பார்த்தாள். மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் மகளைப் பார்த்தான். மற்றவர் பார்த்திருப்பார் என்றே ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். ஆறு பேர் பாசமாக இருந்த வீட்டில் ஒருவர்கூடக் காதைப் பார்க்கவில்லை. விடுமுறைக்கு வந்து கொஞ்சிவிட்டுப் போகும் நானும் அதில் சேர்த்திதான்.

அப்போது பேத்தி சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். "தாத்தா, நம்ம ஊர்ல ஏரிக்கே வாரியம் இருந்துச்சே. பொன்னிக்கு மட்டும் ஏன் இல்ல?"

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை அதில் வரிவரியாக இருக்கிறது. தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக் காலம் 360 நாள் என்று கணக்கும் இருக்கிறது. ஏரி ஊருக்கே பொது. ஆனால் பொதுவான ஒன்றை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி விட்டால், கரை உடையும்போதுதான் யாரும் பார்க்கவில்லை என்று தெரியும். நம் முன்னோர் அதை உணர்ந்து, பேர் சொல்லிப் பொறுப்பைக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பாடத்தை அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து வாழ்க்கைக்குப் படித்திருந்தாள்.

அன்றைக்கே ஒரு செப்புக் குடம் வந்தது. பேத்தி நோட்டுத் தாளைக் கிழித்து ஆறு சீட்டு எழுதினாள். காது, சீப்பு, தட்டு, நடை, உண்ணி, ஊசி. பேரன் குடத்துக்குள் கைவிட்டு ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தான்.

சீப்பு வாரியம் அவனுக்கே வந்தது. அம்மா துணையோடு செய்யவேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம். ஸ்பேனியலின் முடி பட்டுப்போல மென்மையானது. காதிலும் மார்பிலும் வயிற்றிலும் கால்களின் பின்புறமும் குஞ்சம் போல நீண்டு தொங்கும். தினமும் பத்து நிமிஷம் சீவவேண்டும். இரண்டு நாள் விட்டால் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சடை விழும். விழுந்த சடை தோலை இழுக்கும். அடியில் ஈரமும் அழுக்கும் தங்கிப் புண்ணாகும். நம் வயல்காட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. நாயுருவி என்று ஏன் பேர் வந்ததென்று பொன்னியின் காலைப் பார்த்தால் புரியும். பின்னோக்கி வளைந்த அந்த விதைகள் குஞ்ச முடியில் ஏறினால் தாமாக இறங்குவதே இல்லை. வெளியே போய் வந்ததும் விரலிடுக்கு, காதின் உள்பக்கம், அக்குள் மூன்றையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். விரலிடுக்கு முடியையும் காதின் உட்புற முடியையும் மாதமொரு முறை கத்தரிப்பது நல்லது. மூன்று வாரத்துக்கு ஒரு குளியல் போதும். நாய்களுக்கென்று உள்ள ஷாம்புவே நல்லது. நம் சோப்பு அதன் தோலை வறட்டும். குளித்தபின் அடிமுடிவரை ஈரம் போகத் துவட்டவேண்டும்.

தட்டு வாரியம் மருமகளுக்கு. இதுதான் கஷ்டமான வாரியம். காக்கர் ஸ்பேனியலுக்குப் பசி அடங்காது. பெரிய ஈரக்கண்ணால் அண்ணாந்து பார்த்தால் கல்லும் கரையும். காலையில் அக்கா தரும் இட்லி, பத்து மணிக்கு மாமா வீசும் முறுக்கு, மத்தியானம் பால்சோறு, பிள்ளைகளின் பிஸ்கட் என்று ஐந்து கை ஐந்து வேளை போட்டதில்தான் 17 கிலோ ஏறியது. இனிமேல் இரண்டு வேளை, அளந்து, ஒரே கை. முட்டை, வேகவைத்த கோழி, பரங்கிக்காய், கேரட், அளவான சோறு. உப்பு காரம் வேண்டாம். மீந்த குழம்பைச் சோற்றில் ஊற்றிப் போடுவது நம் பழக்கம். அதில் கிடக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலும் பொங்கலிலும் போடும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் ஆகாது. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். அளவு சரியா என்று பார்க்கத் தராசு தேடவேண்டியதில்லை. விலாவில் கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும். அழுத்தித் தேடவேண்டி வந்தால் அளவு அதிகம். இன்னொரு சின்ன விஷயம்: அகலத் தட்டில் சோறு வைத்தால் காது இரண்டும் சோற்றில் விழும். வாய் குறுகிய ஆழமான கிண்ணத்தில் வைத்தால் காது வெளியே நிற்கும்.

நடை வாரியம் பெரிய மகனுக்கு. ஸ்பேனியல் மடியில் உட்கார வைக்கப் பிறந்ததல்ல. ஸ்பெயின் நாட்டின் பேரிலிருந்து ஸ்பேனியல் என்ற சொல் வந்தது. காக்கர் என்பது வுட்காக் என்ற பறவையின் பேரிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் முட்புதர்களுக்குள் நுழைந்து, பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்பிவிட்டு, துப்பாக்கிக்கு விழுந்ததைப் பல் படாமல் கவ்விவந்து எஜமானன் கையில் கொடுப்பது அதன் வேலை. புதருக்குள் புகுவதற்குத்தான் 38 முதல் 41 சென்டிமீட்டர் உயரம். முள் குத்தாமலிருக்கத்தான் அடர்ந்த முடி. நாள் முழுக்க ஓடியும் சலிக்காத உற்சாகம், ஆளைவிட்டு விலகாத ஒட்டுதல் எல்லாம் அந்த வேலையின் மிச்சம். 1885இல் இங்கிலாந்தில் ஸ்பேனியல்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி இனங்களை வகைப்படுத்தினார்கள். அமெரிக்காவுக்குப் போனது இன்னும் சிறியதாக, முடி இன்னும் அடர்ந்ததாக மாறி, 1946இல் அங்கே இரண்டும் வெவ்வேறு இனமாகப் பதிவாயின. வால்ட் டிஸ்னியின் 1955ஆம் ஆண்டுப் படத்தில் வரும் 'லேடி' அமெரிக்கக் காக்கர்தான்.

பறவையைக் கிளப்பும் அந்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் கூட இல்லாத ஒரு காலை நேரம், பொன்னியோடு வரப்பில் நடந்தபோது, கோரைப்புல் ஓரம் சட்டென்று நின்றது. மூக்கு தரையோடு. வால் வேகவேகமாகச் சுழன்றது. யாரும் சொல்லித் தராத ஒரு பாடம் அதன் உடம்புக்குள் ஓடியது. ஒரே பாய்ச்சல். புல்லுக்குள்ளிருந்து கானாங்கோழி ஒன்று படபடவென்று கிளம்பி வாய்க்காலைத் தாண்டியது. பொன்னி திரும்பி என் முகத்தைப் பார்த்தது. என் வேலையை முடித்தேன், இனி உன் வேலை என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

இந்த மண்ணில் அந்த வேலை கிடையாது. இருக்கவும் கூடாது. பக்கத்திலிருக்கும் வேடந்தாங்கல் மக்களின் கதை நமக்குத் தெரியும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அறிந்தவர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக்கூடாதென்று எழுத்தில் வாங்கினார்கள். அப்படிப்பட்ட சீமையில் பறவை பிடிக்கப் பிறந்த நாயை வளர்க்கிறவருக்குக் கூடுதல் கடமை உண்டு. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் ஏரிகளில் இறங்கும் கார்த்திகை முதல் பங்குனி வரை, கரையோரம் கயிறில்லாமல் விடவே கூடாது.

அப்படியென்றால் அதன் மூக்குக்கு என்ன வேலை? விளையாட்டாக ஒரு வேலை கொடுக்கலாம். வைக்கோற்போரின் ஓரத்தில் ஒரு கருவாட்டுத் துண்டை ஒளித்துவைத்து 'தேடு' என்று சொல்லுங்கள். கால்மணி நேரத் தேடல், ஒருமணி நேர ஓட்டத்துக்குச் சமமாக அதைக் களைக்கவைக்கும், மனசையும் நிறைக்கும். அந்த மூக்கின் அருமைக்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் தில்லியில் நம் ராணுவம், வியர்வை, சிறுநீர் மாதிரிகளை மோந்து கொரோனா தொற்றைக் கண்டறியும் நாய்களைச் செய்தியாளர்களுக்குக் காட்டியது. தொற்றுக்கு ஆளான உடல் வெளிவிடும் நுண்ணிய வாசனையை அவை அடையாளம் கண்டன. அவற்றில் ஒன்றின் பேர் காஸ்பர், காக்கர் ஸ்பேனியல். அதனோடு சேர்ந்து வேலை செய்தவை ஜெயா, மணி; இரண்டும் நம் தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாய்கள். சீமை நாயும் நம்மூர் நாயும் தோளோடு தோள் நின்று மனிதனுக்காக மோப்பம் பிடித்த அந்தக் காட்சி என் மனசை விட்டுப் போகவில்லை.

நடை வாரியத்துக்கு வெயில் காலத்தில் இன்னொரு கவனம் வேண்டும். பங்குனியிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிடும். குளிர்நாட்டுக்காக வளர்ந்த முடியோடு இருக்கும் உயிர் அது. நமக்கு வேர்ப்பதுபோல அதற்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை இறக்கும். காலை ஆறரைக்குள், சாயங்காலம் ஆறுக்கு மேல் நடை. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நாயின் இயல்பான உடல்சூடே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104க்கு மேல் போனால் ஆபத்து. விடாமல் இரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால், உடனே நிழலில் போட்டுச் சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணி வாரியம் அக்காவுக்கு. ராத்திரி சீரியல் முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். காதுமடலின் உள்பக்கம், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு, வாலின் அடி. ஓர் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் வெடிப்பிலும் திண்ணைப் பொந்திலும் ஒளிந்துகொள்ளும். அதனால் நாயை மட்டுமல்ல, அது படுக்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுப்பதே சரி. மண்ணெண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் வேண்டாம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசிவிடாதீர்கள், விஷமாகும். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்து, சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஊசி வாரியம் பேத்திக்கு. காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டாள். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தவை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருடந்தோறும். எலிக்காய்ச்சலுக்கான ஊசியை வயலும் எலியும் உள்ள ஊரில் தவறவிடவே கூடாது. மூன்று மாதத்துக்கொரு முறை குடற்புழு மருந்து. வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். இதை நாய் இல்லாத வீடும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

இந்த ஆறுக்கும் வெளியே சீட்டில் எழுதாத ஒன்று உண்டு. ஸ்பேனியலுக்குத் தனிமை ஆகாது. பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் விட்டால் குரைத்துக் குரைத்து, கதவைப் பிறாண்டி, உடம்பு கெட்டுப்போகும். அதட்டினால் சுருங்கிவிடும். சில காக்கர்கள் பயத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். அதற்கு அடிப்பது பெரிய பாவம். அன்பான குரலில் ஒருமுறை சொன்னால் பத்துமுறை செய்யும். பழைய நாட்களில் இந்த இனத்தின் வாலைக் குட்டியிலேயே வெட்டிவிடுவார்கள். இங்கிலாந்தில் 2007 முதல் அழகுக்காக வாலை வெட்டத் தடை வந்துவிட்டது. வாலால்தான் அது பேசுகிறது. பேச்சை அறுக்க யாருக்கு உரிமை?

இதைப் படித்துவிட்டு, நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று உங்கள் வீட்டில் பேச்சு எழலாம். எழுந்தால் இரண்டு வார்த்தை. காவலுக்கு வேண்டுமென்றால் ஸ்பேனியல் வேண்டாம். திருடனையும் வாலாட்டி வரவேற்கும் மனசு அதற்கு. நம் நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தெருவிலிருந்து எடுத்து வளருங்கள். இந்த வெயிலும் இந்த மண்ணும் அதன் உடம்புக்குப் பழக்கம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்ளரைக் கடித்து, இறந்த வீரனோடு நின்று காத்த கோவிவன் என்ற நாயின் பேரையும் உருவத்தையும் அதில் வெட்டிவைத்தார்கள். நாய்க்குக் கல்லில் பேர் எழுதிய மக்கள் நாம்.

ஸ்பேனியல்தான் வேண்டும் என்று மனசில் முடிவாகிவிட்டால், படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். தாய் நாயை நேரில் பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாதென்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் விதி சொல்கிறது. வளர்த்து விற்பவர் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். கேளுங்கள். இந்த இனத்துக்குக் கண் ஒரு பலவீனம். கண்புரை, கண் அழுத்தம், விழித்திரை மெல்ல மங்கும் பரம்பரை நோய் மூன்றும் வருவதுண்டு. விழித்திரை நோய் முதலில் இருட்டில் தடுமாறுவதாகத்தான் தெரியும். பெற்றோரின் கண் பரிசோதனை பற்றி விசாரியுங்கள். உருவத்தில் இன்னும் சிறிய கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்றால் இதய வால்வை டாக்டர் கேட்டுப் பார்க்கவேண்டும். ஊர் மருந்தகத்தில் முடியாத சிக்கலுக்கு வேப்பேரியில் 1903இல் வேர்விட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இது 12 முதல் 14 வருடம் வாழும். இன்று ஒன்பதாவது படிக்கும் பெண் கல்யாணமாகிப் போகும்வரை இதன் காதை வாராவாரம் பார்ப்பது யார்?

காது வாரியத்தை இன்னும் சொல்லவில்லை. அது மாமாவுக்கு வந்தது.

வீட்டில் பொன்னி வந்ததில் விருப்பமில்லாதவர் அவர் ஒருவர்தான். "மாடு பால் கொடுக்குது, கோழி முட்டை போடுது, இது என்ன பண்ணுது?" என்று கேட்டவர். திண்ணையைத் தாண்டி அதை உள்ளே விட்டதில்லை. முறுக்கை வீசுவார், கையால் தொடமாட்டார். பேரன் சீட்டை நீட்டியதும் பிரித்துப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. டாக்டரம்மா சொன்னதை நான் அவருக்கு ஒருமுறை செய்து காட்டினேன். நாயின் காதுக்குழாய் நம்முடையதுபோல நேராகப் போகாது. கீழே இறங்கி உள்ளே திரும்பும். அதன் வாயைக் கனத்த மடல் படுதா போல மூடியிருப்பதால் காற்று போகாது, ஈரம் தங்கும். வாரம் ஒருமுறை, நனைந்த நாளிலும், டாக்டர் கொடுத்த கழுவும் திரவத்தைக் காதில் விட்டு, காதின் அடியை வெளிப்பக்கமாக அரை நிமிஷம் பிசையவேண்டும். உள்ளே சளக் சளக் என்று கேட்கும். பிறகு நாய் தலையை உதற விடவேண்டும். மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் ஒற்றியெடுத்தால் போதும். குச்சியைவிட்டுக் குடையவே கூடாது. கண்ணால் பார், மூக்கால் மோந்து பார், சிவப்போ வாடையோ இருந்தால் டாக்டரிடம் போ. அவ்வளவுதான் அந்த வாரியத்தின் வேலை.

போன வாரம் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. திண்ணையில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் பழைய துண்டு. பொன்னி அவர் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது. காதுமடலைத் துணியைப் புரட்டுவதுபோலப் பின்னால் மடித்து, குனிந்து மோந்து பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாடை இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்பக்கம் இளஞ்சிவப்பாக, தாமரை இதழின் அடிப்பக்கம் போலச் சுத்தமாக இருந்தது. முடித்ததும் காதை மறுபடி கன்னத்தோடு சேர்த்துவைத்து, அதன்மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்த பிறகும் அந்தக் கை எடுபடவில்லை.

பாசம் வந்தால் பராமரிப்பு தானாக வரும் என்று நினைத்திருந்தேன். மாமாவின் கை எனக்கு வேறு ஒன்றைச் சொன்னது. பொறுப்பை ஏற்ற கைக்குள் பாசம் தானாக வந்து தலை சாய்க்கிறது.

உங்கள் வீட்டில் நாயோ, பூனையோ, மாடோ, வயதான தாயாரோ இருக்கலாம். எல்லோருக்கும் பிரியமான அந்த உயிரின் ஒவ்வொரு தேவையும் யார் பேரில் இருக்கிறது என்று இன்று இரவு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பேர் இல்லாத வரி ஒன்று இருந்தால், அதை உங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எங்களுக்கும் கடிதமாக அனுப்புங்கள். உங்கள் வாரியங்களை அடுத்த இதழ்களில் பகிர்ந்துகொள்வோம்.

அக்கா வீட்டில் 360 நாள் கழித்து மறுபடி குடம் குலுக்கவேண்டும் என்பது பேத்தி எழுதிய விதி. காது வாரியத்தை மட்டும் குடத்தில் போடவேண்டாம் என்று மாமா இப்போதே சொல்லிவிட்டாராம்.

அன்புடன்,
ஆசிரியர்